மேலே நிற்பதற்குப் பசியில்லை

பதுளை
05.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள், அத்தான், மருமகள் லக்சிகா மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் தந்துவிட்ட போர்வையை அறையில் கூட இருக்கும் சுஜிதன் பறித்து வைத்திருக்கிறான். கேட்டால், "வன்னியில இருந்து வந்தவருக்கு என்னத்துக்குப் போர்வை? உங்கட வெயில் இன்னும் உடம்பில இருக்குமே" என்கிறான்.

போனில் என் குரல் உங்களுக்கு ஒழுங்காகக் கேட்காததால் எங்களுக்குள் கடிதப் பழக்கம் விடுபடாமல் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. ஏனென்றால் இதைப் போனில் சொல்ல முடியாது. கம்பஸ் தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு கதை எழுதுகிறேன். பேய்க்கதை இல்லை, அதைவிடப் பெரியது. நட்சத்திரங்களுக்கு நடுவிலுள்ள இருட்டிலிருந்து சில உயிர்கள் இறங்கி வருகின்றன. சிறகு உண்டு, இறகு இல்லை. ஒரு சிறகு நாலு ஏக்கரை மூடும். முகமே கிடையாது. சிறகை அடிக்காமல் ஊருக்கு மேலே அப்படியே நிற்கும். நாள் முழுக்க ஓர் இரைச்சல் மட்டும் கேட்கும். சனங்கள் நிலத்தில் குழி வெட்டி ஒளிக்கிறார்கள். வெளிநாடுகளில் இப்படிப் பயங்கரக் கதைகள் நிறைய எழுதுகிறார்கள். எங்கள் ஊருக்கு மேலே வந்து நின்றால் என்ன என்று யோசித்தேன்.

முதல் பகுதியை உள்ளே வைத்திருக்கிறேன். ஈவிரக்கமில்லாமல் குறை சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. மாசி மாத நடுவுக்குள் கொடுக்க வேண்டும்.

காது இரைவது குறைந்ததா? சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் ஒரு ஆளை இவ்வளவு காலமா ஆட்டும்?

அன்புத் தம்பி
அனோஜன்


ஜெயபுரம்
14.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீ முதலில் அந்தப் போர்வையைத் திருப்பி வாங்கு. பிறகு சளி, இருமல் என்று எனக்கு எழுதாதே.

கதை வாசித்தேன். எடே, உனக்கு அங்கே ஒழுங்கான சாப்பாடு கிடைக்கிறதில்லையா? நாலு ஏக்கர் சிறகாம்! எங்களிடம் இருப்பதே மூன்று ஏக்கர். மிச்சச் சிறகு பக்கத்துக் காணிக்குள் விழுந்தால் இரஞ்சிதம் மாமி வரம்புச் சண்டைக்கு வந்துவிடுவா. அந்தப் பூதம் அவவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு நட்சத்திரத்துக்கே திரும்பிப் போய்விடும்.

எனக்கு ஒரு சந்தேகம். அது என்ன சாப்பிடும்? ஊருக்குள் யானை வந்தாலும் பன்றி வந்தாலும் பசிக்குத்தான் வருகிறது. சும்மா மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க அதற்கென்ன விசரா? இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது குழி. நீ வெட்டியிருப்பது குழி இல்லை, குப்பைக் கிடங்கு. வாசலை நேராக வைத்தால் உள்ளே இருப்பவர்களின் கதை முடிந்தது. 'ட' எழுத்துப் போல வளைத்து வெட்ட வேண்டும். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேலே மண்மூட்டை. உள்ளே ஒரு போத்தல் தண்ணீர். சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லுக்கிடையில் கடிக்க ஒரு துணி. இதுகூடத் தெரியாமல் வானத்துக் கதை எழுத வெளிக்கிட்டாய்.

இரைச்சலைப் பற்றி எழுதிய இடம் மட்டும் நன்றாக இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன்.

காது அப்படியேதான் இருக்கிறது. காய்ச்சலைத் திட்டாதே, அது பாவம்.

அன்பு அக்கா
ரூபி


பதுளை
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் எல்லோருடைய சுகமும் அதுவே ஆகட்டும். போர்வை மீட்கப்பட்டது.

குழியை நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். சுஜிதன் வாசித்துவிட்டு, "மச்சான், இது உண்மையான பங்கர் மாதிரியெல்லோ கிடக்கு" என்றான். என்ன சாப்பிடும் என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. யோசிக்கிறேன்.

இரண்டாம் பகுதியை அனுப்புகிறேன். குழிக்குள் ஒரு தாய், ஒரு பெரிய மகள், ஒரு சின்ன மகன். மகன் எதற்கோ அழுகிறான். தாய் குழியை விட்டு வெளியே போகிறாள். திரும்பி வரவில்லை. அவள் ஏன் போனாள் என்பதைக் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். இந்த இடத்தை எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை அக்கா, கை தன்பாட்டில் எழுதிக்கொண்டு போனது.

வாசித்துவிட்டு உடனே எழுதுங்கள்.

அன்புத் தம்பி
அனோஜன்


ஜெயபுரம்
12.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. கார்த்திகைக் கடைசி வெள்ளத்தை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, முற்றத்தோடு நின்றுவிட்டது. கீழ்த்துண்டு வயல் மூழ்கிப் போனது, திரும்ப விதைத்திருக்கிறோம். மற்றபடி மூவரும் சுகம். லக்சிகாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மாமா வந்து பார்க்கும்வரை வாயைத் திறக்கமாட்டாளாம்.

ஒரு பகிடி கேள். இந்த முறை வயலுக்கு மருந்தடிக்க உன் அத்தான் ட்ரோன் பிடித்தார். மிசினை முதுகில் சுமந்து நாலு நாள் அடிக்கிற வேலையை அது அரை மணித்தியாலத்தில் முடிக்குமாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னார்களோ, எனக்குத்தான் கேட்கவில்லையோ. பத்து மணித் தேத்தண்ணீர்க் கேத்திலோடு வரம்பில் போய்க்கொண்டிருந்தேன். பயிருக்கு மேலால் ஒரு நிழல் போனது. நிமிர்ந்தால், கட்டில் அளவில் ஒரு சாமான் தலைக்கு மேலே நிற்கிறது! அவ்வளவுதான். நானும் கேத்திலும் சேற்றுக்குள் குப்புற. இரஞ்சிதம் மாமி அந்தப் பக்கத்து வரம்பில் நின்று, "பிள்ளை வயலுக்க நீச்சல் பழகுது" என்றா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் எழும்பிச் சிரித்தேன். கேத்திலின் மூடி மட்டும் இன்னும் அகப்படவில்லை.

கதை வாசித்தேன். எழுத்துப் பிழை மூன்று இருக்கிறது. அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
ரூபி


பதுளை
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

அத்தான் நேற்று எனக்குப் போன் எடுத்தார். நீங்கள் எழும்பிச் சிரிக்கவில்லையாம். இரண்டு கையையும் தலைக்கு மேலே கோர்த்துக்கொண்டு கிடந்தீர்களாம். ட்ரோன் இறங்கி, மோட்டர் நின்று, அதன் ஆட்கள் சாமானைக் கட்டிக்கொண்டு போன பிறகும் எழும்பவில்லையாம். அத்தான் வந்து தொட்டதும், "அது போகேல்ல. நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் வெளிய வராதேங்கோ" என்று சொன்னீர்களாம். அத்தான், "முதல்ல நானும் சிரிச்சுப்போட்டன் தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா, யாருக்கு அப்படிச் சொன்னீர்கள்?

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கதையின் கடைசிப் பகுதி இத்துடன் இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. அந்தச் சிறகுள்ளவை சோறு தண்ணீர் உண்பதில்லை. அழுகைதான் அவற்றின் உணவு. பிள்ளை அழுதது, அதுகள் கேட்டன, பிள்ளைக்குப் பதிலாகத் தாயை எடுத்தன. அதுதான் முடிவு.

அன்புத் தம்பி
அனோஜன்


ஜெயபுரம்
26.12.2024

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உழுத்தம்மா வறுத்து இடித்து அனுப்பியிருக்கிறேன். காலையில் கரைத்துக் குடி, சுஜிதனுக்கும் கொடு.

முடிவை மாற்று. அது ஆறு வயதுப் பிள்ளை. பிள்ளையென்றால் அழும். அதன் தலையில் இதைக் கட்டி வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது? மாற்றாவிட்டால் இனிமேல் எனக்குக் கதை கிதை ஒன்றும் அனுப்பாதே.

ரூபி


பதுளை
02.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருசம் உங்கள் மூவருக்கும் நல்லபடியாக அமையட்டும். நான் சுகம். உழுத்தம்மா வந்தது.

முடிவை மாற்ற முடியாது அக்கா. நான் கதையில் எந்த இடத்திலும் பிள்ளைக்கு ஆறு வயது என்று எழுதவில்லை. சின்ன மகன் என்றுதான் எழுதினேன். ஆறு என்பது நீங்கள் போட்டது. ஆகவே உங்களுக்கும் தெரியும், அது நான்தான்.

என்னிடம் ஒரு கோழிக்குஞ்சு இருந்தது. கழுத்தில் கறுப்புப் புள்ளி. கடைசி யுத்த நேரம் விசுவமடுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்தபோது, பங்கருக்கு வெளியே ஓலைக் கடகத்துக்குக் கீழே அதை மூடி வைத்திருந்தேன். குஞ்சு வேண்டுமென்று நான் அழுதேன். அம்மா வெளியே போனா. பிறகு பெரிய சத்தம். இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா செல் குண்டு விழுந்து செத்தா என்று ஊரெல்லாம் தெரியும். ஏன் வெளியே போனா என்று மட்டும் நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுக்கவில்லை.

நான் கோழி இறைச்சி தின்னாததற்கு நீங்கள் என்னைச் 'சாமியார்' என்று பகிடி பண்ணுவீர்கள். காரணம் சாமி இல்லை அக்கா.

இனியாவது சொல்லுங்கள். நான் தாங்குவேன். என்னில் கோபமென்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புத் தம்பி
அனோஜன்


ஜெயபுரம்
09.01.2025

என்ரை தம்பிக்கு,

இதைத் தனியே இருந்து வாசி.

குஞ்சு அப்போது உன்னிடம்தான் இருந்தது. நீ அழுதது உண்மை. ஆனால் அம்மா வெளியே போகும்போது நீ அழவில்லை. நான்தான் அதற்கு முதலே ஊர்ந்து போய், கடகத்தைக் கிளப்பி, அதை எடுத்து வந்து உன் சட்டைக்குள் விட்டேன். எல்லாம் முடிந்து சித்தப்பா உன்னை வெளியே தூக்கியபோது அது உன் சட்டைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று கத்தியது. ஐந்து நாள் எங்களோடு வந்தது. பிறகு நாங்கள் பங்கர் மாறிக்கொண்டே இருந்ததால், வழியில் ஒரு ஆச்சியிடம் கொடுத்தோம். நீ அன்றைக்கு அழுத அழுகைதான் உனக்கு மாறி நினைவிருக்கிறது. நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்படியென்றால் அம்மா ஏன் போனா? நான் போகச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் எனக்குக் காது நல்ல கூர்மை. இப்போது சொன்னால் நீ சிரிப்பாய். மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆளில்லா விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அது நிற்கும்வரை கீழே ஒருவரும் அசையக்கூடாது. அது எதைக் கண்டதோ அந்த இடத்தில் செல் விழும். ஒவ்வொரு பங்கரிலும் கேட்கிற ஆள் என்று ஒருவர் இருப்பார். எங்கள் பங்கரில் நான். 'போயிட்டுது' என்று நான் சொன்னால்தான் எல்லோரும் வெளியே வருவார்கள். பக்கத்துப் பங்கர்களில் இருந்தும், "ரூபி என்னவாம்?" என்று குரல் கொடுப்பார்கள். பத்தொன்பது வயது எனக்கு. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வண்டின் சத்தமும் அதுவும் ஒன்றாகக் கலந்து கேட்டன. திடீரென்று நின்றது. "போயிட்டுது" என்றேன். அம்மா ஒருதரம் கேட்டா, "வடிவாக் கேட்டனியே பிள்ளை?" "ஓமம்மா, போயிட்டுது." அடுப்பில் உனக்குக் கஞ்சி வைத்திருந்தா, அடிப்பிடிக்கப் போகிறது என்று போனா.

நின்றது பம்ப், தம்பி. எண்ணெய் முடிந்திருந்தது. வண்டு மேலேயேதான் நின்றது. பம்ப் நின்ற அமைதிக்குக் காது பழகிய பிறகுதான் அது மெல்லமாக எனக்குக் கேட்டது. "அம்மா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு எனக்கு மூன்று கிழமை ஒன்றுமே கேட்கவில்லை. வலது காது கொஞ்சம் திரும்பியது, இடது காது திரும்பவேயில்லை. காய்ச்சல் ஒன்றும் எனக்கு வரவில்லை. நீ கேட்டபோது சொல்ல ஒரு பொய் வேண்டியிருந்தது.

உன்னைக் காப்பாற்ற நான் வாயை மூடியிருக்கவில்லை. அப்படி நல்லவள் இல்லை உன் அக்கா. பயம். அம்மாவைக் கொன்றவளின் கையாலா இவ்வளவு காலமும் சாப்பிட்டேன் என்று நீ நினைத்துவிடுவாயோ என்ற பயம். உன்னைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடுதான் வந்தேன். என் பயத்துக்காக வாயை மூடி, நீ அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ள விட்டுவிட்டேனே.

இனி நீ நினைக்கிறதை நினை.

ரூபி


பதுளை
18.01.2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நான் எங்கேயும் போகவில்லை. மாசிக் கடைசியில் லீவு. நேரே வீட்டுக்குத்தான் வருவேன். உங்கள் கையால்தான் சாப்பிடுவேன். இதை முதலில் எழுதிவிட வேண்டுமென்று நினைத்தேன்.

கடிதம் வந்த அன்று வகுப்புக்குப் போகவில்லை. மழைக்குள் நடந்தேன். சுஜிதன் குடையோடு பின்னால் வந்துகொண்டிருந்தான். குஞ்சு சட்டைக்குள் இருந்தது என்று வாசித்த இடத்தில் என் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன் அக்கா. நகம் கீறியது போல இருந்தது.

அதற்கு முந்திய நாள் நீங்கள் 'போயிட்டுது' என்று சொன்னது சரியா, பிழையா? அதற்கும் முந்திய நாள்? இடம்பெயர்ந்து அங்கே வந்து சேரும்வரை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? அத்தனை தரமும் அம்மா போய்ச் சமைத்துக்கொண்டு திரும்பி வந்தா. நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருந்தேன். நீங்கள் ஒரு நாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நாட்களையெல்லாம் எறிந்துவிட்டீர்கள்.

முடிவை மாற்றிவிட்டேன். உங்கள் கேள்விக்கு நான் எழுதியிருந்த பதில் பிழை. புதிய முடிவு இதுதான்:

"அதற்குப் பசியில்லை. கோபமுமில்லை. பிள்ளையின் அழுகை அதற்குக் கேட்காது. மகள் சொன்ன சொல்லும் கேட்காது. கீழே அசைந்தது தாயா, கஞ்சிப் பானையா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. குழிக்குள் இருந்த இரண்டு பேரும் தாங்கள் என்ன பிழை செய்தோம் என்று வருசக் கணக்காகத் தேடினார்கள். தேடித் தேடி ஆளுக்கொன்றைக் கண்டுபிடித்து, மற்றவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தார்கள். மேலே நின்றதிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு முகமில்லை என்பதால், முகமுள்ள தங்களையே திட்டிக்கொண்டார்கள்."

கொடுக்கட்டுமா? நீங்கள் வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன். எனக்கு இது எழுதியதே போதும்.

உங்கள் தம்பி
அனோஜன்


ஜெயபுரம்
02.02.2025

என்ரை அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு நேர்ந்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மழைக்குள் நடந்தாயே, தலையைத் துவட்டினாயா? சுஜிதனையும் லீவுக்குக் கூட்டிக்கொண்டு வா. குடை பிடித்த பிள்ளைக்கு ஒரு நேரச் சோறாவது போட வேண்டும்.

கதையைக் கொடு. ஒரு திருத்தம் மட்டும். கஞ்சி என்று சும்மா எழுதாதே. தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி. அந்த நாளிலும் எங்கேயோ ஒரு தேங்காய் தேடி வைத்திருந்தா அம்மா. அது எழுத்தில் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கலியாணம் கட்டிப் பத்து வருசம், அவருக்கும் சொன்னதில்லை. எழும்பிக் குசினிக்குள் போனார். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார், சீனி போட மறந்துபோய். குடித்தேன்.

பிந்தி விதைத்த கீழ்த்துண்டுக்கு நேற்று மருந்தடித்தார்கள். திரும்பவும் ட்ரோன்தான். இந்த முறை அத்தான் என் பழைய சிவப்புச் சீலையைக் கிழித்து ஒரு தடியில் கட்டியிருந்தார். எனக்குக் கேட்காதுதானே, அது கிளம்ப முதல் வரம்பில் நின்று ஆட்டிக் காட்டினார். இரஞ்சிதம் மாமியும் தன் காணிக்குள் நின்று சீலைத் தலைப்பை ஆட்டினா. இந்த முறை பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

பயப்படவில்லை என்று உனக்கு நான் பொய் எழுதமாட்டேன். படுக்கவில்லை. வரம்பில் குந்திவிட்டேன், தலையைக் கையால் மூடிக்கொண்டு. அத்தானும் பக்கத்தில் வந்து குந்தினார். அது போகும், திரும்பும், போகும். ஒருதரம் விரல் இடுக்கால் நிமிர்ந்து பார்த்தேன். நீ எழுதியது சரிதான், அதற்கு எங்களைத் தெரியாது.

பிறகு நிழல் போனது. எனக்கு எழும்பத் தெரியவில்லை. வழக்கம்போலக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். என்னிடம் எங்கே காது? அத்தான் எழும்பி நாலு பக்கமும் வானத்தைப் பார்த்தார். ட்ரோன்காரரிடம் கேட்டார். திரும்பி வந்து என் வலது காதுப் பக்கமாகக் குனிந்து, "போயிட்டுது ரூபி. வடிவாப் பாத்திட்டன். எழும்பு" என்றார்.

இதுவரை அந்தச் சொல்லை நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், தம்பி. எனக்கு ஒருவர் சொல்லி நான் எழும்பியது நேற்றுத்தான்.

அன்பு அக்கா
ரூபி